ஹாம்பர்க்கிற்கும் தி ஹேக்கிற்கும் யாரை அனுப்புகிறோம்?

2013 அக்டோபர் 12 அன்று 'சீமேன் கார்ட் ஓகையோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. கப்பல் அமெரிக்க நிறுவனம் ஒன்றினுடையது, அதில் பறந்தது சியரா லியோன் கொடி. மாலுமிகளும் கடற்கொள்ளைத் தடுப்புக் காவலர்களுமாக 35 பேர் இருந்தார்கள்: எஸ்டோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரைனியர் 3. கியூ பிரிவு போலீஸ் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிந்தது. கப்பல் நின்றது 12 கடல் மைலுக்கு உள்ளேயா வெளியேயா, அது தீங்கற்ற கடப்பா, ஆபத்தால் ஒதுங்கியதா என்ற கேள்விகளை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நம் வழக்கறிஞர்கள்தாம் நின்று வாதாடினார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2015-ல் விசாரணையை மீண்டும் தொடங்கச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுத் தண்டனை விதித்தது, 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

அந்த 35 பேரில் எஸ்டோனியருக்கும் பிரிட்டிஷாருக்கும் உக்ரைனியருக்கும் அவரவர் நாட்டுக்கு எதிராக ஒரு குறை இருந்தால் உள்நாட்டு நீதிமன்றங்களுக்குப் பிறகும் ஒரு படி உண்டு. அது ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். இந்தியர் 12 பேருக்கு உச்ச நீதிமன்றமே கடைசிப் படி. ஆசியாவுக்கு மனித உரிமை நீதிமன்றம் கிடையாது. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979-ல் சேர்ந்த இந்தியா, தனிநபர் முறையீட்டுக்கு வழிவிடும் விருப்ப நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை.

படி இல்லாத குறையைப் பற்றி இவ்விதழில் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை நாம் பேச வேண்டியது வேறொன்று. இருக்கிற சில சர்வதேச ஆசனங்களுக்கு நம் நாடு யாரை அனுப்புகிறது, எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது தூத்துக்குடி வழக்கறிஞரின் அன்றாடத் தொழிலைத் தொடும் விஷயம். அதை டெல்லியின் வெளியுறவு விவகாரம் என்று விட்டுவிட்டோம்.

ஸ்ட்ராஸ்பர்க் முறையை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு நாடும் மூன்று பேர் கொண்ட பட்டியல் தர வேண்டும். அதற்குமுன் உள்நாட்டில் வெளிப்படையாக விண்ணப்பம் கோரியிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பிரிட்டன் போன்ற நாடுகள் இந்தப் பதவிக்கு விளம்பரமே கொடுக்கின்றன. பட்டியல் முதலில் ஏழு நிபுணர் கொண்ட ஆலோசனைக் குழுவுக்குப் போகும். பிறகு ஐரோப்பிய அவையின் நாடாளுமன்றப் பேரவைக் குழு ஒவ்வொருவரையும் நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்கும். மூவரும் ஒரே பாலினமாக இருந்தால் பட்டியல் பொதுவாகத் திரும்பிவிடும். ஆண்கள் மட்டுமே கொண்ட மால்டாவின் பட்டியல் பேரவை வாசலிலேயே நின்றது. அந்தத் தகராறு முற்றி, 2008 பிப்ரவரியில் நீதிமன்றமே ஆலோசனைக் கருத்து சொல்லும்படி ஆனது. தேர்வானவருக்கு ஒன்பதாண்டு, ஒரே முறை. மறு நியமனத்துக்காக அரசின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையை 2010-ல் நடைமுறைக்கு வந்த 14-ஆவது நெறிமுறை நீக்கியது. இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. தனக்கு வேண்டியவர் ஒருவரை வைத்து, தோற்கக்கூடிய இருவரைத் துணைக்குச் சேர்க்கும் அரசுகள் இருக்கின்றன. ஆனாலும் பட்டியல் எங்கே, யாரால், எந்த அளவுகோலில் எழுதப்பட்டது என்று கேட்க அங்கே ஓர் இடம் இருக்கிறது.

நம் நாட்டில் அந்த இடம் இல்லை. தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு வேட்பாளரை முன்மொழிவது, நிரந்தர நடுவர் மன்றத்தின் தேசியக் குழு. நீதிமன்ற விதிச்சட்டத்தின் 6-ஆவது பிரிவு, முன்மொழிவதற்குமுன் நாட்டின் உயர் நீதிபீடம், சட்டக் கல்விப் புலங்கள், சட்டக் கல்லூரிகள், கல்விக் கழகங்கள் ஆகியவற்றைக் கலந்தாலோசிக்குமாறு பரிந்துரைக்கிறது. கட்டளையாக இல்லாமல் பரிந்துரையாக இருப்பதால் நம் நாட்டில் அது ஏட்டோடு நிற்கிறது. விண்ணப்பம் கோரும் அறிவிப்போ, எழுதிவைத்த தகுதி அளவுகோலோ, நேர்காணலோ, காரணம் சொல்லும் உத்தரவோ பொதுவெளிக்கு வருவதில்லை. பெயர் முடிவான பின் நமக்குச் செய்தியாகத் தெரியும்.

அதன் விளைவைப் பெயர்களிலேயே பார்க்கலாம். சர்வதேச நீதிமன்றத்தில் இந்தியா சார்பில் தேர்வாகி அமர்ந்தவர்கள் பி.என். ராவ், நாகேந்திர சிங், ஆர்.எஸ். பாதக், தல்வீர் பண்டாரி. நால்வரும் ஆண்கள். முதல் இருவர் ஐ.சி.எஸ். அதிகாரிகளாக வளர்ந்தவர்கள், பின் இருவர் உச்ச நீதிமன்றத்திலிருந்து சென்றவர்கள். ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்தில் 1996 முதல் 2017 வரை இருந்த பி. சந்திரசேகர ராவ் மத்திய அரசின் சட்டச் செயலராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த நீரு சாதா வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர், அந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்ற முதல் இந்தியப் பெண். இவர்களின் புலமையைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. நாகேந்திர சிங்கும் சந்திரசேகர ராவும் அந்தந்த மன்றங்களுக்குத் தலைவராகவே உயர்ந்தவர்கள். ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்தால் செயலகமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே வாசல்கள் என்று தெரிகிறது. கடற்கரையோர விசாரணை நீதிமன்றத்தில் மீனவருக்காக நின்ற ஒருவருக்கும், கடல் சட்டம் கற்பிக்கும் பேராசிரியருக்கும் விண்ணப்பிக்கக்கூட வழி இல்லை.

வெளியே நடக்கும் தேர்தல் முழுக்க ராஜதந்திரம். 2017-ல் பண்டாரியும் பிரிட்டனின் கிறிஸ்டோபர் கிரீன்வுட்டும் மோதியபோது பொதுச்சபை ஒருபக்கம், பாதுகாப்புச் சபை மறுபக்கம் என்று பல சுற்று இழுத்தது. நவம்பர் 20 அன்று கிரீன்வுட் விலகிய பின் பொதுச்சபையில் 183 வாக்கு, பாதுகாப்புச் சபையில் 15-க்கு 15. அந்தக் கட்டத்தில் எந்த நாடும் வேட்பாளரின் தீர்ப்புகளைப் படித்து ஓட்டுப் போடுவதில்லை. ஓட்டுகள் ஒன்றுக்கொன்று கைமாறும். ஆகவே தகுதியைச் சோதிக்க உண்மையான வாய்ப்பு உள்நாட்டில், பெயர் முடிவாகும் முன்தான்.

இது நமக்கு ஏன்? முத்தும் சங்கும் எடுத்த இந்தக் கடலில் கடல் சட்டம் புதிதில்லை. இராமநாதபுரக் கடலில் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1904-ல் சொன்னதைச் சர்வதேசச் சட்டப் புத்தகங்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. இன்றைய சிக்கல் இன்னும் நேரடியானது. 2024-ல் தருவைகுளம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, புத்தளம் நீதிமன்றத்தில் நின்றார்கள். விதிக்கப்பட்ட அபராதம் எந்த மீனவக் குடும்பத்தாலும் கட்ட முடியாத தொகை. நம்மில் பலரும் அப்போது தூதரகத்துக்கு மனு எழுதியதோடு நின்றுவிட்டோம்.

கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறிப் பிடிபட்டவர்களையும் படகையும் நியாயமான பிணையின் பேரில் விரைவாக விட வேண்டும் என்கிறது. நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாதவரை சிறைத்தண்டனையும் கூடாது. மறுத்தால், 292-ஆவது பிரிவின்கீழ் கொடி நாடு ஹாம்பர்க்குக்குப் போகலாம். இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கையில் இருக்கின்றன. ஜப்பானும் ரஷ்யாவும் பனாமாவும் இந்த வழியில் தம் கப்பல்களுக்காகப் போயிருக்கின்றன, இந்தியா ஒருமுறையும் போகவில்லை. இராமேஸ்வரம் படகுகளுக்கு இந்த வாதம் எளிதாகப் பொருந்தாது. பாக் நீரிணையில் எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் வரலாற்று நீர்ப்பரப்பு என்றே இரு நாடுகளும் கொண்டுள்ளன. மன்னார் வளைகுடாவிலும் அப்படியொரு உரிமைகோரல் உண்டு, ஆனாலும் அங்கே வாதத்துக்கு இடம் சற்றுக் கூடுதல். 1976 மார்ச் உடன்பாட்டுக் கோட்டுக்கு அப்பால், இலங்கையின் 12 கடல் மைலுக்கும் அந்த வரலாற்று நீர்ப்பரப்புக்கும் வெளியே பிடிபட்ட தூத்துக்குடி விசைப்படகுக்கு 73-ஆவது பிரிவு பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. பிடிபட்ட இடத்தின் ஜி.பி.எஸ். பதிவு கையில் இருந்தால் வாதம் வலுக்கும். எது நியாயமான பிணை என்று அங்கே முடிவு செய்வோர் 21 நீதிபதிகள். அவர்களில் ஒருவருக்கு நம் நாடு பெயர் கொடுக்கிறது.

அவர்கள் மனித உரிமை நீதிபதிகள் இல்லையே என்று கேட்பவர்கள் 'சைகா' தீர்ப்பைப் படிக்க வேண்டும். எண்ணெய்க் கப்பலைக் கினி நாட்டு ரோந்துப் படகு சுட்டுப் பிடித்த அந்த வழக்கில், 1999 ஜூலை 1 அன்று, மனிதாபிமான நோக்கு கடல் சட்டத்திலும் பொருந்த வேண்டும், பலப்பிரயோகம் நியாயமான அளவைத் தாண்டக்கூடாது என்று தீர்ப்பாயம் சொன்னது. 2012 பிப்ரவரியில் 'என்ரிகா லெக்சி' கப்பலிலிருந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டு, கன்னியாகுமரி மாவட்டத்தவர் ஒருவரும் கொல்லத்துக்காரர் ஒருவரும் இறந்தார்கள். அந்த விவகாரமும் 2015-ல் ஹாம்பர்க்குக்குப் போய், 2020-ல் நடுவர் தீர்ப்பில் முடிந்தது. சுட்டவர்களுக்கு விலக்குரிமை உண்டா என்ற கேள்வி அந்த நடுவர் மன்றத்தில் 3-க்கு 2 என்று முடிவானது. ஒரே ஒரு நடுவர் மாறியிருந்தால் விடை மாறியிருக்கும்.

ஆசனத்தில் யார் இருக்கிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தமிழ் வழிவந்த ஒரு பெண்ணிடமிருந்தே கிடைக்கிறது. டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, இனஒதுக்கல் காலத்தில் அரசியல் கைதிகளுக்காக வாதாடிய வழக்கறிஞர். 1995-ல் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குத் தேர்வானார். அங்கே அகாயெசு என்பவர் மீதான வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லை. சாட்சிகள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போக, அமர்வில் ஒரே பெண்ணான அவர் இன்னும் கேட்டார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, வன்புணர்வும் இனப்படுகொலையின் செயலாகலாம் என்று உலகில் முதன்முறையாக ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் சொன்னது. விசாரணை நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவரோடு நின்று பழகிய காது அது. அப்படிப்பட்ட வழக்கறிஞரைக் கண்டுபிடிக்க நம் முறையில் என்ன வழி இருக்கிறது?

நியமன முறை மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் உள்நாட்டிலேயே அனுபவித்திருக்கிறது. 2018 மே 22, 23-ல் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக எடுத்த வழக்கை, இழப்பீடு தரப்பட்டது, விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது என்ற அடிப்படையில் அதே அக்டோபரில் முடித்துவிட்டது. அந்த மனித உரிமை ஆணையத்தின் சர்வதேச அங்கீகாரம் 2023-லும் 2024-லும் ஒத்திவைக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் நியமனத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாததும், பெண்களின் குறைவும், புலனாய்வில் போலீஸ் அதிகாரிகள் இருப்பதும் இருந்தன. இரண்டுக்கும் நேர்க்கோடு போட நான் விரும்பவில்லை. ஆனால் எப்படி நியமிக்கப்பட்டார் என்று தெரியாத ஒருவரிடம் நீதி கேட்டு நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம், அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லாமல் போனதையும் அறிவோம்.

வெளியுறவு என்பது நிர்வாகத்துறையின் வேலை, நீதிமன்றம் தலையிடாது என்ற மறுப்பு வரும். தலையிடக் கேட்கவில்லை. வேட்பாளரை முடிவு செய்யும் அதிகாரம் அரசிடமே இருக்கட்டும். அதற்குமுன் அறிவிப்பு வெளியிடட்டும், அளவுகோலை எழுதிவைக்கட்டும், குறுகிய பட்டியலில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும், உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கங்களிடமும் சட்டப் பல்கலைக்கழகங்களிடமும் கருத்துக் கேட்கட்டும். இந்தக் கலந்தாலோசனை 6-ஆவது பிரிவின் நோக்கத்துக்கு உட்பட்டதே. வேட்பாளர் அரசுக்காக எந்தெந்த சர்வதேச வழக்குகளில் நின்றார் என்பதையும் அறிவிக்கட்டும், விலகிக்கொள்ள வேண்டிய வழக்குகளை மற்ற தரப்புகள் முன்கூட்டியே அறிய அது உதவும்.

2017-ல் ஹாம்பர்க்குக்குத் தேர்வான இந்தியரின் பதவிக்காலம் 2026 செப்டம்பரிலும், தி ஹேக்கில் இருப்பவரின் காலம் 2027 பிப்ரவரியிலும் முடிபவை. இனிவரும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் முன்பே நம் சங்கங்கள் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். தேசியக் குழுவில் இப்போது யார் இருக்கிறார்கள், கடந்த தேர்வுகளில் யாரைக் கலந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெளிநாட்டு உறவைக் காட்டி 8(1)(அ) பிரிவில் மறுத்தால் மேல்முறையீட்டுக்குப் போகலாம், கலந்தாலோசித்தவர்களின் பெயர் எப்படி வெளிநாட்டு உறவைக் கெடுக்கும் என்று கேட்கலாம். இலங்கையின் கல்பிட்டிக் கடலில் பிடிபட்ட படகுகளின் வழக்குகளை நடத்தியவர்கள், பிடிபட்ட இடத்தின் ஆள்கூறு, விதித்த பிணை, படகு திரும்பிய நாள் ஆகியவற்றை, மீனவரின் பெயரை நீக்கி, இவ்விதழுக்கு அனுப்பித் தாருங்கள். 292-ஆவது பிரிவுக்கான மாதிரி மனு ஒன்றை அடுத்த இதழில் வெளியிட அவை வேண்டும்.