மண்டபத்தின் அழகும் ஒப்பந்தத்தின் ஒரு வரியும்

வாஷிங்டன் நகரத்து அரசியற் சட்ட மண்டபத்தைப் புகழ்வோர் பலர். ஜான் ரஸ்ஸல் போப் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி 1929-இல் முடிந்த மாளிகை அது. சுண்ணாம்புக் கல் முகப்பு, கிரேக்கக் கோயிலை ஒத்த தூண் வரிசை, உள்ளே ஏறக்குறைய 3,700 ஆசனங்கள். அமெரிக்கப் புரட்சிப் புதல்வியர் சங்கத்தார் தம் ஆண்டு மகாநாட்டிற்கென எழுப்பினர். அத்துணைப் பெரிய அரங்கு அந்நகரில் வேறின்மையால் சங்கீதக் கச்சேரிகளுக்கும் அதுவே இடமாயிற்று.

“கட்டடத்தின் சிறப்பைச் சொல்லுங்கள், பழைய வழக்கை ஏன் கிளறுகிறீர்?” என்பார்க்கு யாம் கூறுவது இது. ஒப்பந்தத் தாள்களோடு காலங்கழிக்கும் எம்போன்ற தோட்டத்துக் கிராணிமார், முகப்பைக் கண்டு மயங்குவதில்லை, நிபந்தனையைப் படிப்போம். 1932 முதல் அம்மண்டபத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வெள்ளையர் மட்டுமே மேடையேறலாம்! மன்னராட்சியை எதிர்த்து விடுதலைக்குப் போரிட்டவரின் சந்ததியென்று மார்தட்டும் சங்கம் அன்றோ அது? அப்போரில் கறுப்பினத்தாரும் ஆயிரக்கணக்கில் நின்று பொருதனர் என்பதை அவர் மறந்தனர் போலும்.

1939-இல், ஐரோப்பா போற்றிய பாடகி மரியன் ஆண்டர்சன் அம்மையாருக்காக ஹோவர்ட் சர்வகலாசாலையார் மண்டபத்தைக் கேட்டனர். அந்நாள் வேறு கச்சேரிக்குக் கொடுபட்டுவிட்டதென விடை வந்தது. வேறு நாள் கேட்டும் கதவு திறக்கவில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவியார் எலினார் சங்கத்தினின்று விலகினார். ஏப்ரல் 9-ஆம் நாள், லிங்கன் நினைவாலயத்துப் படிகளில், சுமார் 75,000 மக்கள் முன்னிலையில் அம்மையார் பாடினார். கூரையில்லை, கட்டணமில்லை, நிறப்பாகுபாடும் இல்லை. (அந்நினைவாலயம் 1922-இல் திறக்கப்பட்ட நாளில் கறுப்பினத்தாரைத் தனியே ஒதுக்கி உட்காரவைத்த கதையையும் வாசகர் அறிதல் வேண்டும். அடிமைத் தளையை அறுத்தவனுக்கு அவ்விதம் ஒரு மரியாதை!)

1943-இல் யுத்த நிவாரண நிதிக்காக அம்மையார் அம்மண்டபத்தில் பாடியதைக் காட்டி, “பார்த்தீரா, திருந்திவிட்டார்கள்” என்பாருண்டு. திருந்தினரா? நிதி வேண்டியபோது கதவு ஒருமுறை திறந்தது; ஒப்பந்த வரியோ அழியவில்லை. 1945-இல் ஹேஸல் ஸ்காட் என்னும் பியானோக் கலைஞரையும் அதே மண்டபம் மறுத்தது. கல் நாட்டி மாளிகை எழுப்ப ஏறக்குறைய ஓராண்டு போதியதாயிருந்தது. ஒரு வரியை அடிக்க இருபது ஆண்டு வேண்டியிருந்தது. 1952-இலேயே அது நீங்கிற்று.

1964-இல் அம்மையார் தமது பிரியாவிடைக் கச்சேரிப் பயணத்தை அம்மேடையிலேயே தொடங்கினார். அப்போது அவர்க்கு வயது 67.