காட்டைத் திருத்திய கைகளுக்குக் காட்டைப் பார்க்க லீவு கிடையாதா?

மலாக்கா வாழ் தமிழ்ப் பாட்டாளி மக்களே!

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்மைக் காட்டுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். மரம் வெட்ட அனுப்பினார்கள். தண்டவாளம் போட அனுப்பினார்கள். ரப்பர் நட, செம்பனை நட, மருந்தடிக்க அனுப்பினார்கள். ஆனால், "பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் காட்டைப் பார்த்துவிட்டு வா, சம்பளம் வெட்டமாட்டேன்" என்று எந்தத் துரையாவது, எந்தக் கிராணியாவது, எந்தக் குத்தகைக்காரராவது உங்களிடம் சொன்னதுண்டா?

அவர்கள் சொல்லமாட்டார்கள். சட்டம் சொல்கிறது.

"காட்டுக்கு உல்லாசப் பயணமா? அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் பணக்காரனுக்கும்" என்று நம்மவர்களே சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பால் லாபம் அடைபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். தொழிலாளி எடுக்காமல் விட்ட ஒவ்வொரு லீவும் முதலாளியின் கணக்கில்தான் ஏறுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். சட்டப்படி அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடாந்திர லீவு 16 நாள். ஏறக்குறைய 1,046 ரிங்கிட்! லீவு கேட்கக் கூச்சப்பட்டு நீங்கள் ஆண்டுதோறும் முதலாளிக்குக் கொடுக்கும் நன்கொடை இதுதான். இந்தப் பணத்தில் ஒரு குடும்பம் எங்கே போய் வரலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கதை

மலாக்காவில்தான் இது தொடங்கியது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு லேடாங் மலைப்பக்கம் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அங்கிருந்து பரவிய ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் பங்கினர் நம் பாட்டன், பாட்டிமார். 1,276 மீட்டர் உயர லேடாங் மலையைத் தினமும் விடியற்காலையில் பார்த்தபடியே பால் வாளி தூக்கினார்கள். மலை உச்சிக்கு ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். கிழக்குக்கரைக் காட்டு ரயில் பாதையிலும் நெடுந்தூரம் பிடுங்கினார்கள். சயாம் மரண ரயிலுக்காகப் பிடுங்கப்பட்ட இரும்பு அது. அந்தச் சயாம் காட்டுக்கு நம்மவர்களையும் ஆயிரம் ஆயிரமாக ஏற்றிச் சென்றார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். நம் குடும்பங்களில் "காட்டுக்குப் போனார்" என்றால் அதற்கு அந்தப் பொருள்தான் இருந்தது.

1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். அவர்கள் செய்த நெடும்பயணமும் உரிமைக்கான நடைதான். இந்த மக்களின் பேரப்பிள்ளைகள் சம்பளத்தோடு லீவு எடுத்து ஒரு பயணம் போவது ஆடம்பரமா?

1948-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவைப் படியுங்கள். ஓய்வும், சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொரு மனிதனின் உரிமை என்று அது சொல்கிறது. "ஒவ்வொரு மனிதன்" என்பதில் பால் வெட்டுகிறவரும் உண்டு. பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் அக்காவும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60E பிரிவு இது. நன்றாக மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். வார ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரா. தொழிற்சங்க ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது. லீவில் இருக்கும்போது பொது விடுமுறை வந்தால் அதற்குப் பதிலாக இன்னொரு நாள் கொடுக்க வேண்டும். லீவில் நோய் வந்து மருத்துவ விடுப்பு கிடைத்தால் அந்த நாட்களை வருடாந்திர லீவில் கழிக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஓராண்டு வேலைக்கு உரிய லீவை அடுத்த 12 மாதத்திற்குள் எடுக்காவிட்டால் அது போய்விடும். அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மட்டம் போட்டாலும் லீவு உரிமை போய்விடும். ஆகவே மட்டம் போட்டு ஊர் சுற்றாதீர்கள். எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, நகலைக் கையில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து போங்கள்.

மூன்று பொய்கள்

முதல் பொய்: "நீ காண்ட்ரேக் ஆள், உனக்கு லீவு கிடையாது." 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் சம்பள வரம்பு பார்க்காமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்துகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றாலும், உங்கள் வேலையையும் நேரத்தையும் அவர் கட்டுப்படுத்துகிறார், கருவியை அவர் கொடுக்கிறார் என்றால், மறுத்து நிரூபிக்கும் வரை உங்களைத் தொழிலாளி என்றே சட்டம் கருதும். "காண்ட்ரேக்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

இரண்டாவது பொய்: "நீ வெட்டுகிற குலைக்குத்தானே கூலி, லீவுக்கு எதைக் கொடுப்பது?" அதற்கும் சட்டத்தில் கணக்கு உண்டு. முந்தைய சம்பளக் காலத்தில் நீங்கள் சம்பாதித்ததை, வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். அதுதான் உங்கள் ஒரு நாள் லீவுச் சம்பளம்.

மூன்றாவது பொய்தான் மிகவும் இனிப்பானது: "ஆள் பற்றவில்லை, லீவைக் காசாக வாங்கிக்கொள்." முதலாளி கேட்டு, நீங்கள் எழுத்து மூலம் சம்மதித்தால் மட்டுமே அது செல்லும். சம்மதிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. காசு கைக்கு வரும். அடுத்த வாரமே தவணைக்கும் கடனுக்கும் போய்விடும். ஓய்வில்லாத முதுகும், அப்பாவோடு ஒரு நாள் ஆற்றில் குளிக்காத பிள்ளையும்தான் மிச்சம்.

மறுக்கிறார்களா? தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. சம்பளச் சீட்டும் வேலை அட்டையும் கொண்டு போனால் போதும். லீவு தர மறுப்பது குற்றம் என்பதை அங்கே போய்ச் சொல்லத் தயங்காதீர்கள்.

எங்கே போவது?

இருக்கிற லீவெல்லாம் செங் சன்னாசிமலை மாசி மகத்துக்கும், பத்துமலைக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் போய்விடுகிறது என்கிறீர்கள். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. 16 நாளில் மூன்றே மூன்று நாளைத் தனியே ஒதுக்குங்கள். ஓய்வு நாளோடும் ஒரு பொது விடுமுறையோடும் சேர்த்தால் ஐந்து நாள் ஆகும்.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது தாமான் நெகாரா. வெள்ளைக்காரன் காலத்தில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் இருந்த காடு, இன்று நம் வரிப்பணத்தில் நிற்கும் தேசியப் பூங்கா. ஜெராண்டுட் போய், அங்கிருந்து சாலையிலோ, கோலா தெம்பெலிங்கில் படகேறியோ கோலா தாஹான் போகலாம். இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் ஜொகூரின் எண்டாவ்-ரொம்பின் காடு இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழை. ஆறு பொங்கும், அந்த மாதங்களைத் தவிருங்கள். போகும் முன் பூங்கா திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அட்டைக்கு அஞ்சாத சமுதாயம் நாம்! ஆனால் இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை மறக்காதீர்கள். காட்டிலிருந்து ஆஸ்பத்திரி தூரம். செலவுக்கு ஆலோங்கிடம் போகாதீர்கள். கூத்துக் கட்டுவதும் வேண்டாம். கூத்து நிதி நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடியுங்கள். மாதாமாதம் அவரவர் வங்கிக் கணக்கில் சேர்த்து வாருங்கள்.

சபா, சரவாக் காடுகளுக்குப் பறக்க நினைப்பவர்கள் முதலில் வீட்டில் உள்ள பத்திரங்களைப் பாருங்கள். அங்கே நுழைவதற்குத் தனிக் குடிநுழைவுக் கட்டுப்பாடு உண்டு. மைகார்ட் இல்லாத, சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்த நம் பெரியவர்கள் எத்தனை பேர்? கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாத திருமணங்கள் எத்தனை? 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாமல், தாய் வெளிநாட்டவராகவும் இருந்தால், மலேசியத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை தானாக வராது. பயணத்துக்குப் பை கட்டும்போது தெரியவரும் இந்தக் குறை, பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் பிள்ளையின் வாழ்நாள் முழுக்கத் துரத்தும். இன்றே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள்.

காடு வெறும் காடல்ல

கடைசியாக ஒன்று. நாம் பார்க்கப் போகும் காடு ஒருவர் வீடு. தாமான் நெகாராவில் பாத்தேக் மக்கள் வாழ்கிறார்கள். 2019-இல் பூங்காவின் கிளந்தான் வாசலான கோலா கோ அருகே பாத்தேக் மக்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் தட்டம்மை என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. தடுப்பூசி போட்டால் தடுக்கக்கூடிய நோய்!

நம் மலாக்காவிலும் இருக்கிற தெமுவான் மக்கள், சிலாங்கூர் புக்கிட் தம்போயில் நெடுஞ்சாலைக்காக நிலம் பறிக்கப்பட்டபோது நீதிமன்றம் போனார்கள். சாகோங் தாசி வழக்கில் 2002-இல் உயர்நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களின் மரபு நில உரிமையை ஒப்புக்கொண்டன. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் ஊலூரு பாறையை 1985-இல் அனாங்கு பூர்வகுடியினரிடமே அரசு திருப்பிக் கொடுத்தது. "எங்கள் புனித இடத்தில் ஏறாதீர்கள்" என்று அவர்கள் பல்லாண்டு கேட்டார்கள். 2019 அக்டோபரில் ஏறுவது தடை செய்யப்பட்டது.

தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, கோவிலைக் காப்பாற்ற நின்ற நமக்கு இது புரியாதா? பாத்தேக் குடிசைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அவர்களையே வழிகாட்டியாக வைத்து, பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். கூலியில் பேரம் பேசினால் எப்படி வலிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோழர்களே! இந்த மாதச் சம்பளம் வாங்கும்போது அலுவலகத்தில் கேளுங்கள்: "எனக்கு இன்னும் எத்தனை நாள் லீவு பாக்கி?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாட்காட்டியில் ஐந்து நாளை வட்டமிடுங்கள். மறுநாள் காலை லீவுக் கடிதத்தைக் கொடுங்கள். லயத்தில் உள்ள மற்றவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் கிராணி முறைப்பார். ஐம்பது பேர் கேட்டால் சட்டப் புத்தகத்தைத் தேடுவார்.