லினக்ஸில் கேம் ஓடாதாமே!

"லினக்ஸா? அதுல கேம் ஓடாதேப்பா!" உத்திரமேரூர் பக்கம் யாரைக் கேட்டாலும் இதே பல்லவிதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். நம்மாட்கள் பலர் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு, திருட்டு கேம்களை ஏற்றினார்கள். வைரஸ் இலவச இணைப்பு!

அன்றைக்கு அந்தக் குறை நியாயம். வைனோடு மல்லுக்கட்டித் தூக்கம் தொலைத்தவன்தான் நானும். ஆனால் 2018-ல் வால்வ் நிறுவனம் ப்ரோட்டானை வெளியிட்ட பிறகு கதையே வேறு. விண்டோஸ் கேம் கேட்கும் டைரக்ட்எக்ஸை அது வல்கனுக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறது. 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கில் இருப்பதும் லினக்ஸ்தான். ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்கள் அதில் ஓடுகின்றன.

"அப்போ ஃபோர்ட்நைட்?" ஓடாதுதான். ஆனால் லினக்ஸுக்குத் துப்பில்லாமல் அல்ல. அதில் இருக்கும் ஈசி ஆன்ட்டி-சீட் 2021-லேயே ப்ரோட்டானுக்கு வழிவிட்டது. வழிவிட்டது யார்? எபிக். ஃபோர்ட்நைட் யாருடையது? அதே எபிக்! கடைக்காரரே கதவைச் சாத்திக்கொண்டால் ரோட்டைத் திட்டி என்ன பயன்?

பழைய அரசு லேப்டாப்பில் ப்ரோட்டானெல்லாம் வேலைக்காகாது, ஒத்துக்கொள்கிறேன். வெஸ்நாத், ஃப்ரீசிவ் போட்டுப் பாருங்கள். காசும் வேண்டாம், கிராக்கும் வேண்டாம். ஆடிப் பார்த்துவிட்டு சண்டைக்கு வாங்க, நான் ரெடி :-)