பேர் மாறினா ஆளே செத்துட்டானா?

டேட்டாபேஸ் பேர் மாறின உடனே லிஸ்ட்ல பழைய பேரை அழிச்சிட்டு புதுசை ஒட்டுற நூலகங்கள் மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. இன்னிக்கு கொட்டிடறேன். நூலக அறிவியல் படிச்ச பதிவர்கள் அடிக்க வரலாம், ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)

எங்க ஊர்க்காரனுக்கு இந்தத் தொல்லை பழசு. விருதுபட்டி 1923-ல் விருதுநகர் ஆச்சு. 1985-ல் ராமநாதபுரத்துல இருந்து பிரிச்சு காமராஜர் மாவட்டம்னாங்க. 1997-ல் விருதுநகர் மாவட்டம். சிவகாசி என்னவோ இருந்த இடத்துலயேதான் இருக்கு! ஆனா 1983-ல் எழுதினவருக்கு அது ராமநாதபுரம் மாவட்டம். தீப்பெட்டி ஆலைக் குழந்தைகள் பத்தின எம்.சி.மேத்தா வழக்குல 1990-ல் வந்த தீர்ப்பைப் பார்த்தா காமராஜ் மாவட்டம்னு இருக்கும். விருதுநகர்னு மட்டும் தேடினா இதெல்லாம் கண்ணுக்கே படாது.

இதுக்கு மேல, தேட வேண்டிய டேட்டாபேஸுக்கே பேர் மாறினா? என் சித்தப்பா பொண்ணு பட்டாசுத் தொழிலாளர்கள் பத்தி ஆராய்ச்சி பண்றா. கைடு கொடுத்த பழைய குறிப்புல 'இன்ஃபார்மாவேர்ல்டு'ன்னு இருக்கு. காலேஜ் நூலக லிஸ்ட்ல அந்தப் பேரே இல்லை. "சந்தாவ நிறுத்திட்டாங்க போலண்ணே"ன்னு விட்டுட்டா. அது 2011-லயே 'டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆன்லைன்' ஆயிருச்சு. அகரவரிசையில 'ஐ'யில இருந்தது 'டி'க்குப் போயிருச்சு. காசு கட்டின சரக்கு உள்ளேயே கிடக்கு, எடுக்கத்தான் ஆளில்லை.

"கூகுள்ல தேடிக்க வேண்டியதுதானே"ன்னு ஒரு புத்திசாலி கேட்டார். தேடலாம் சார். கட்டுரை வரும், கூடவே டாலர்ல விலையும் வரும். நூலகத்து வழியா போனாத்தான் கதவு திறக்கும்.

விதி இல்லாமயும் இல்லை. மார்க் 21-ல் இப்போதைய பேருக்கு 245, பழைய பேருக்கு 247-ன்னு தனிப் புலமே வச்சிருக்காங்க. இலவசமா கிடைக்கிற கோஹாவுலயும் நிரப்பலாம். நிரப்பறதுக்குத்தான் மனசு வேணும். பேரையே பிரைமரி கீயா வச்சு டேபிள் போட்டா எங்க டீம் லீட் ஓட ஓட விரட்டுவார். இங்க அதையே எக்செல்ல போட்டு வெப்சைட்ல மாட்டியிருக்காங்க.

பழைய பேரை மட்டும் குறிச்சாப் போதாது, வருஷமும் வேணும். 2014-ல் 'வெப் ஆஃப் நாலெட்ஜ்' மொத்தமும் 'வெப் ஆஃப் சயின்ஸ்' ஆச்சு. அதுக்கு முன்னாடியே அதுக்குள்ள 'வெப் ஆஃப் சயின்ஸ்'னு ஒரு டேட்டாபேஸ் இருந்துச்சு, அது இப்போ 'கோர் கலெக்‌ஷன்'. ஆக 2010-ல் ஒருத்தர் 'வெப் ஆஃப் சயின்ஸ்ல தேடினேன்'னு எழுதியிருந்தா, அது இன்னிக்கு அந்தப் பேர்ல இருக்கறது இல்லை. ராமநாதபுரம்ங்கிற பேர் இன்னும் இருக்கு, சிவகாசி அதுக்குள்ள இல்லைங்கிற அதே கதைதான்.

இதை வாங்கித் தர்ற திட்டங்களாவது ஒரே பேர்ல நிக்குதா? யூஜிசி இன்ஃபோநெட், இன்டெஸ்ட், என்-லிஸ்ட் மூணையும் 2015-ல் இ-ஷோத்சிந்துன்னு ஒண்ணாக்கினாங்க. 2025 ஜனவரியில 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துச்சு. அடுத்த பேர் வர்றதுக்குள்ளயாவது அந்த எக்செல் ஷீட்ல 'பழைய பேர்', 'எந்த வருஷம் வரை'ன்னு ரெண்டு காலம் சேருங்கய்யா. அரை நாள் வேலை. ஆள் இல்லைன்னா சொல்லுங்க, அடுத்த லீவுக்கு ஊருக்கு வர்றப்ப நானே வந்து அடிச்சுத் தர்றேன்.