சிங்கப்பூரில் இருப்பவரா சாகுபடிதாரர்?

காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழும் குடும்பங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போவது புதிதல்ல. புறப்படும் அண்ணன் நிலத்தைத் தம்பியிடமோ மைத்துனரிடமோ ஒப்படைத்துப் போகிறார். முத்திரைத்தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். குத்தகைப் பதிவேட்டிலோ அண்ணன் பெயர் அப்படியே நிற்கிறது.

அறுவடை முடிந்து கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு அந்தத் தம்பி படும் பாட்டை வருவாய்த் துறையினர் ஒருநாள் நின்று பார்க்கட்டும். அடங்கல் கேட்டால் பதிவில் உன் பெயர் இல்லை என்கிறார்கள். கவனிக்க வேண்டியவர்களைக் கவனித்தால், கடல் கடந்து இருப்பவர் பெயரில் அதே அடங்கல் வந்துவிடுகிறது! நெல்லுக்கான பணம் அண்ணனின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அவர் மனது வைத்தால்தான் தம்பி கைக்கு வரும். வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் எல்லாவற்றிலும் இதே கதை. கோயிலுக்குக் குத்தகை அளப்பவர் தம்பி, ரசீது அண்ணன் பெயருக்கு. பத்து வருஷம் பாக்கியில்லாமல் கட்டினாலும், உழுதவர் தாம்தான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் அவரிடம் இருக்காது.

1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உடலுழைப்பையோ குடும்பத்தாரின் உடலுழைப்பையோ நிலத்தில் செலுத்துபவரைத்தான் காக்கிறது. 1969-இல் வந்த குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம், நிலைமை மாறினால் பதிவைத் திருத்தக் கோரி மனுச் செய்யவும், அதன்மேல் முறையிடவும் வழி வைத்திருக்கிறது. இத்தனையும் இருக்க, வந்த மனுவைக் கட்டில் செருகிவிட்டு, “அண்ணனை நேரில் வரச் சொல்லு” என்று திருப்பி அனுப்புவது வன்மையான கண்டனத்துக்குரியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருகிற கூலித் தொழிலாளி, அந்த நாட்களையும் தாலுகா அலுவலகத்து வராந்தாவில் கழிக்க வேண்டுமா?

போனவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. பெயரை விட்டுக்கொடுக்காமல், போகத்துக்கு இத்தனை மூட்டை என்று கூடப் பிறந்தவனிடமே மேல்குத்தகை வாங்குகிறார்கள் சிலர். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எந்த மிராசுதாரர்களுக்கு எதிராக வந்ததோ, அவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏக்கர் கணக்கு மட்டுமே.

பெயர் மாற்ற ஒப்பினால் உள்குத்தகை வியாபாரம் பெருகும் என்று கோயில் நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. அச்சம் நியாயமானது. உறவுக்காரர் என்று சொல்லி நிலத்தைப் பணத்துக்குக் கைமாற்றுகிறவர்களும் உண்டு. பதிவைத் திருத்தாமல் வைத்திருந்ததால் அது நின்றுவிட்டதா? இருட்டில் நடக்கிறது, அவ்வளவுதான். வயலுக்கே போய், பக்கத்து வயல்காரர்களை விசாரித்தால் உழுகிறவர் யார் என்பது ஒரே காலையில் தெரிந்துவிடும்.

அரசு உடனே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். குத்தகைதாரர் வெளிநாடு புறப்படுமுன் தரும் மனுவுக்கு அன்றே ஒப்புகை தர வேண்டும். கள விசாரணை நடத்தி, 90 நாளுக்குள் காரணம் குறித்த எழுத்துமூல ஆணை பிறப்பிக்க வேண்டும். அதுவரை குத்தகை ரசீதில் பணம் செலுத்தியவர் பெயரையும் கோயில் அலுவலகம் எழுதட்டும். வயலில் இல்லாதவர் பெயருக்கு அடங்கல் கொடுக்கும் அலுவலர் மீது துறை நடவடிக்கை வேண்டும். அடுத்த குறுவை நடவுக்கு முன் இது நடந்தாக வேண்டும்.