பத்து ஆண்டு கழித்தும் படிக்க முடியுமா?

இணையத்தள வடிவமைப்புத் துறையில் வேலை தேடிப் போகும் மாணவரிடம், சான்றிதழுக்கு முன்னதாகவே கேட்கப்படுவது அவர் இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பு. மலாக்கா, ஆயர் குரோவில் இரண்டாம் ஆண்டு பயிலும் நானும் என் தோழர்களும் இப்போதே அதற்கான வேலைகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். உணவகத்திற்கு ஒரு பக்கம், ஆலயத் திருவிழாவிற்கு ஒரு பக்கம், நாங்கள் பயின்ற தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பக்கம் என்று வாய்ப்புகள் வருகின்றன. வண்ணத்தையும் படத்தையும் அசைவையும் பார்த்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறோம். ஆனால், அந்தப் பக்கத்தில் உள்ள தமிழைப் பத்து ஆண்டு கழித்தும் படிக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வடிவமைப்பாளரின் வளர்ச்சியை அளக்க அந்தக் கேள்விதான் சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

தமிழ் இணையத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் வெளிவந்தபோது, அதில் தமிழை ஏற்றியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இணையத்தின் முதல் தமிழ்ப் பக்கம் என்று பலரும் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதன் பிறகு தளங்கள் பெருகின. ஆனால், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துக்கான குறியீடுகள். மேலே போர்த்தியிருந்தது மட்டும் தமிழ் உருவம். குறிப்பிட்ட அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால், திரையில் தெரிவது புரியாத குறிகளின் வரிசைதான். அன்று அழகாக இருந்த எத்தனையோ பக்கங்கள் இன்று அப்படித்தான் கிடக்கின்றன.

நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் வேலைத் தொகுப்பை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். 1980களில் அவர் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’, 1990களில் ‘முரசு அஞ்சல்’ ஆகி மின்னஞ்சலுக்கு வந்தது. கைப்பேசிக் காலம் பிறந்ததும், 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் ‘செல்லினம்’ அறிமுகமானது. ஆப்பிள் கருவிகளில் உள்ள ‘இணைமதி’, ‘தமிழ் சங்கம் எம்.என்.’ எழுத்துருக்கள் அவர் வடிவமைத்தவை. மலையாளம், தெலுங்கு, கெமர், லாவோ எழுத்துருக்களும் அவர் கையில் உருவாகியுள்ளன. கருவி மாறும்போதெல்லாம் தமிழ் பின்தங்காமல் அதனுடன் சேர்ந்து செல்ல வேண்டும் என்ற ஒரே அக்கறை அவருடைய வேலைகள் அனைத்திலும் தெரிகிறது. நான் கற்றுக்கொள்ள விரும்பும் வளர்ச்சி அதுதான்.

இன்று நம்மிடம் ஒருங்குறி இருக்கிறது. ‘கொ’ என்று தட்டினால், ககரமும் ஒகரக் குறியும் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பொருத்திக் காட்டுவது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. இதை அறியாத மென்பொருளில் கொம்பு தனியே நிற்கும். புள்ளி இடம் மாறும். பதாகைகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் தமிழ் சிதைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தொல்லைக்கு அஞ்சித்தான் நம்மில் பலர், எழுத்தையெல்லாம் ஒரு படமாக மாற்றி அகப்பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம்.

பார்ப்பதற்கு அது குறையில்லாமல்தான் இருக்கும். ஆனால், அந்தப் படத்தில் உள்ள ஒரு பெயரைத் தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. ஒரு வரியை நகலெடுக்க முடியாது. சிறிய திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். பார்வை குன்றியவருக்கு உரக்கப் படித்துக் காட்டும் செயலியும் அங்கே பெரும்பாலும் தடுமாறி நின்றுவிடும்.

மலாக்காவில் இந்த இழப்பு இன்னும் பெரியது. மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. தோட்ட மக்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தார்கள். தோட்டம் மறைந்த பிறகு, அதன் பெயரைப் பள்ளியும் ஆலயமும்தான் சுமக்கின்றன. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூர் நோக்கி நடந்தே சென்றார்கள். அந்தத் தலைமுறையின் நினைவுகளைப் பள்ளி ஆண்டு மலரிலோ ஆலயக் குடமுழுக்கு மலரிலோ எழுதி, பின்னர் அதைப் படமாகவே இணையத்தில் ஏற்றினால், பினாங்கிலோ ஜொகூரிலோ இருக்கும் பேரப்பிள்ளை எந்தச் சொல்லைத் தட்டி அதைக் கண்டுபிடிப்பான்?

“புலனத்தில் ஒரு சுவரொட்டி அனுப்பினால் போதுமே, இதற்கு ஏன் இத்தனை பாடு?” என்று ஆலய நிர்வாகத்தினர் கேட்கலாம். நாளைய கூட்டத்திற்கு அது போதும்தான். பள்ளியின் வரலாறோ தோட்டத்தின் நினைவோ அப்படி ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. “தமிழில் எழுதினால் வடிவம் கெடுகிறது” என்பது என் தோழர்களின் குறை. அதில் உண்மை இருக்கிறது. நாம் பயன்படுத்தும் வார்ப்புகள் ஆங்கிலத்திற்காக அமைந்தவை. ‘ஹோம்’ அடங்கும் பொத்தானில் ‘முகப்பு’ அடங்கிவிடும். ‘காண்டாக்ட்’ அடங்கும் இடத்தில் ‘தொடர்புகொள்ள’ அடங்காது. மேலே விலங்கும் கீழே சுழியும் வரும் எழுத்துகளுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். அதற்காகத் தமிழைப் படமாக்குவதைவிட, வார்ப்பைத் தமிழுக்கேற்ப மாற்றுவதுதான் நம் தொழில். பொத்தானை அகலமாக்குவதும், வரிகளைத் தளர்த்துவதும், ஒருங்குறி எழுத்துருவைப் பக்கத்துடனேயே இணைத்து அனுப்புவதும் எந்த மாணவருக்கும் எட்டாத வித்தை அல்ல.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம் தலைமுறைக்குத் தமிழும் தெரியும், கணினியும் தெரியும். ஆகவே, அடுத்து உங்களிடம் ஒரு பள்ளியோ ஆலயமோ அகப்பக்கம் கேட்டால், வேலையை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கத்தில் உள்ள ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வேறொரு கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே அது சிதையாமல் தெரிந்தால், அந்த வேலையை உங்கள் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே வைக்கலாம்.