பையில் ஓர் உலர்ந்த சட்டை

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம். அந்நாட்களில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் கூட்டத்தைச் சற்றே நின்று பாருங்கள். முதியோர் தோளிலே கம்பளிப் போர்வை கிடக்கும். இளைஞர்களோ மெல்லிய பருத்திச் சட்டையும் தடித்த ஜீன்ஸ் காற்சட்டையும் அணிந்து, கை வீசி நடப்பர். "ஏற ஏற உடம்பு தானே சூடேறும், போர்வை எதற்கு?" என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் பாதி உண்மை. ஆபத்து மறு பாதியில் இருக்கிறது.

ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறைகிறது. ஆதலால், கொழும்பு 28 பாகையில் வியர்த்திருக்கும்போது 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா 16 பாகையில் இருக்கும். தை, மாசி மாதங்களில் சில அதிகாலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. சிவனொளிபாத மலையின் உச்சியோ 2,243 மீற்றர். பனிக்கட்டி மூடிய தேசங்களில்தான் குளிர் கொல்லும் என்று எண்ணுவது தவறு. 10 பாகைக் குளிரும் ஈரமும் காற்றும் ஒன்று கூடினால் அதுவே போதும். நீரானது காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்து செல்லும்.

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்குச் செல்லும் பாதையில் ஏறத்தாழ 5,500 படிகள். சூரியோதயம் காண விரும்புவோர் நள்ளிரவை அண்டிப் புறப்படுகின்றனர். ஏறும்போது குளிர் தெரிவதில்லை. வியர்வை பெருகிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. உச்சியை அடைந்ததும் உடலுழைப்பு நின்றுவிடுகிறது, காற்றோ நிற்பதில்லை. விடியும் வரை அந்த ஈரச் சட்டையுடன் உட்கார்ந்திருக்க வேண்டும். வானம் ஒரு துளியும் சிந்தாத இரவிலும் அவர் நனைந்தே இருக்கிறார். மழை உள்ளிருந்து பெய்திருக்கிறது!

இவ்விடத்தில் ஆடையின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம். எந்தத் துணியும் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு நம் உடலினுடையது. இழைகளுக்கிடையே அடங்கியுள்ள காற்றே அதனை வெளியேறவிடாது காக்கிறது. பருத்தி நனைந்தால் இழைகள் படிந்து, காற்றுக்குப் பதிலாக நீரைச் சுமக்கும். ஜீன்ஸ் துணியும் பருத்தியே. நனைந்துவிட்டால் எளிதில் உலராது. கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும்.

இதனை நம் மலையகத் தோட்டத்து மக்கள் எந்த நூலிலும் படித்தறிந்தவரல்லர். கோப்பித் தோட்டக் காலத்திலே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்த அவர்தம் முன்னோர், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக இக்குளிர் மலைகளை அடைந்தனர். வழியிலும் மலையிலும் மாண்டவர் பலர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட கம்பளியைத் துரைமார் தம் ஆங்கிலக் கணக்கேடுகளிலும் 'கம்ளி' என்றே எழுதினர். அதன் விலையைத் தொழிலாளியின் கடனிலேயே சேர்த்தனர். குளிரை வெல்லும் வித்தையை அம்மக்கள் இவ்வாறு விலை கொடுத்தே கற்றனர்.

அவ்வித்தை யாது? கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையையும் முதுகையும் மூடுவர். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை படங்கைச் சுற்றிக் கட்டுவர். மழை மேலிருந்து மட்டும் வருவதன்று. மழை ஓய்ந்த பின்னும் இடுப்பளவு தேயிலைச் செடி ஒவ்வொன்றும் நீரைத் தெளித்துக்கொண்டிருக்கும் என்பதை அவர்கள் அறிவர். சூடு காக்க ஒன்று, நீர் தடுக்க ஒன்று: இதுவே அதன் சாரம். இக்காலக் கொழுந்துத் தளிர்களில் பொலித்தீனும் றப்பர் விரிப்பும் வந்துவிட்டன. முறை மாறவில்லை.

மலையேறுவோர் பின்பற்ற வேண்டியதும் அதுவே. புறப்படும்போது சற்றே குளிருமளவுக்குக் குறைவாக அணிந்து, மெல்ல நடந்து, வியர்வையைக் குறையுங்கள். முதுகுப் பையின் உட்புறத்தில் பெரிய பொலித்தீன் உறையொன்றை இட்டு, அதனுள் ஓர் உலர்ந்த சட்டை, ஒரு கம்பளி மேற்சட்டை, ஒரு சோடிக் காலுறை ஆகியவற்றை வைத்துக் கட்டுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் வழியில் அவற்றைத் தொட வேண்டாம். உச்சியை அடைந்து, காற்றுக்கு மறைவான இடத்தில் நின்று, ஈரச் சட்டையைக் களைந்த பின்னரே அணியுங்கள். மேலே மழையாடை. பழைய செய்தித்தாளையும் இகழ வேண்டாம். சட்டைக்குள் மார்பிலே விரித்தால் காற்றைத் தடுக்கும். நனைந்த சப்பாத்தினுள் கசக்கித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். இவ்வாரப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் இதற்கும் பயன்படுத்தலாம்!

யாத்திரைக் காலம் முடிந்தபின் ஏற நினைப்போர்க்கு எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். வைகாசி நடுப்பகுதி முதல் தென்மேற்குப் பருவமழை இம்மலைச் சரிவுகளில் மோதுகிறது. அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அக்காலத்தில் மலைப் பாதையில் விளக்குகள் இரா, தேநீர்க் கடைகளும் இரா, அட்டைகளே இருக்கும்.

ஒருவருக்கு நடுக்கம் நில்லாது தொடர்ந்தால், விரல்கள் பொத்தானைப் பூட்ட மறுத்தால், பேச்சுக் குழறினால், அவர் உடற்சூடு 35 பாகையை நோக்கி இறங்குகிறது எனக் கொள்ளுங்கள். நடுக்கம் நின்றும் அவர் தெளிவடையாவிடின் அது தேறுதலன்று, பேராபத்து. அவரைக் காற்றுக்கு மறைவாக இருத்தி, ஈர உடையை அகற்றி, உலர்ந்தவற்றால் தலை உட்படப் போர்த்துங்கள். நினைவுடன் விழுங்கக்கூடியவராயின் இனிப்பிட்ட சூடான தேநீர் கொடுத்து, விரைவில் வைத்திய உதவி தேடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். மதுபானம் கூடவே கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூட்டை வெளியே ஓட்டிவிடும்.

தாய்மார்களே! மலைக்குச் செல்லும் பிள்ளைக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுக்கும்போது, அந்த உலர்ந்த சட்டையும் பையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளே! அதனை உச்சியில் எடுத்து அணியும் வேளையில் விடிந்துவிடும். கீழே தெரியும் பச்சைச் சரிவுகளில், மாற்றுச் சட்டைக்கு வழியின்றி மாலை வரை மழையில் நிற்கப்போகும் கரங்களே உங்கள் கோப்பையில் சூட்டை ஊற்றுகின்றன என்பதையும் நினையுங்கள்.